மஞ்சள் வண்டியில் உட்கார்ந்தது யார்?

அத்தியாயம் 4

வழக்கில் சிக்கிய வண்டிகளைப் போட்டுவைக்கும் இடம் போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம், சாக்கடையை ஒட்டி இருந்தது. வெயிலில் காய்ந்த ஆயில் நாற்றமும் சாக்கடை நாற்றமும் கலந்து அடித்தன. அந்த ஓட்டை உடைசல்களுக்கு நடுவே, தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டு நின்றது ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார்.

இரண்டே பேர் உட்காரலாம். முன்விளக்கு ஒன்று நொறுங்கியிருந்தது. மூக்கு நசுங்கியிருந்தது. நசுங்கிய மடிப்புக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்ததை, அத்தையோடு வந்திருந்த நெட்டை தன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

“பெயின்ட்டா அத்தை?”

“மைதா மாவு,” என்றாள் அத்தை.

அவன் விரலைச் சட்டென்று இழுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

செத்துப்போனவள் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவள். நேற்று விடிகாலையில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது இந்த வண்டி இடித்தது. இடித்த ஆள் வண்டியை நிறுத்தி இறங்கியதற்கு அடையாளம் இருந்தது. பம்பரில் சிக்கிய சைக்கிளைப் பிடுங்கி, ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, திரும்ப வண்டியில் ஏறிப் போயிருக்கிறது அந்த ஜென்மம். அவள் மீது கை வைக்கவில்லை. பால் வண்டிக்காரர் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூச்சு கடைசிக் கட்டத்தில் இருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார்களாம்.

அத்தை இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்து, முதுகுத்தண்டு தேய்ந்து, வேலையை விட்டவள். இப்போது தனியாகத் துப்புத் துலக்குகிறாள். நெட்டை அவளுடைய அண்ணன் மகன்; உயரத்தால் வந்த பெயர். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், மாணவர்களைக் கிண்டல் செய்ததற்காக வெளியே அனுப்பப்பட்டு, அத்தையிடம் வந்து சேர்ந்தான். சைக்கிளைச் சாய்த்துவைத்த விவரத்தை இன்ஸ்பெக்டர் சொன்னதிலிருந்து அத்தையின் முகம் கெட்டுப்போன பாலைக் குடித்தது போலவே இருந்தது.

வழக்கு முடிந்துவிட்டது என்பதுதான் இன்ஸ்பெக்டரின் கட்சி. போலீஸ் தேடிப் போவதற்கு முன்னால், வண்டிச் சொந்தக்காரரான பல் டாக்டரின் மனைவி தானாகவே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, நான்தான் இடித்தேன் என்று சொல்லிவிட்டாள். ஆரம்பப் பள்ளியில் டீச்சர். லைசென்ஸ் இருக்கிறது. குள்ளமான பெண், சீட்டும் குள்ளமான ஆளுக்கு ஏற்றபடிதான் முன்னால் இழுத்திருந்தது. நாளைக் காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவேண்டியதுதான் பாக்கி. டீச்சரின் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. என் தங்கச்சி ஒரு பூனை குறுக்கே வந்தால்கூட வண்டியை நிறுத்தி அழுகிறவள், ஒருத்தியை ரோட்டில் போட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று அத்தையைத் தேடி வந்தது அவர்தான்.

“உள்ளே போய்ப் பாரு. ஆனா சீட்டை ஒரு நூல்கூட நகர்த்தக் கூடாது,” என்றாள் அத்தை.

நெட்டை ஒரு காலை விட்டான். பிறகு இடுப்பை விட்டான். தலை கூரையில் இடித்தது. இன்னொரு கால் வெளியிலேயே நின்றது. உள்ளே போன முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“இது கார் இல்ல அத்தை, சக்கரம் வச்ச ஷூ. இதுல வசதியா உட்காரணும்னா ஒரு காலை வீட்டுல வச்சுட்டு வரணும்.”

“பெடலைப் பாரு.”

அவன் காலால் முடியாமல், குனிந்து கையை நீட்டி ஒவ்வொரு பெடலாக அழுத்திப் பார்த்தான். பிரேக் விரைப்பாக இருந்தது. கிளட்ச் மட்டும் கிணற்றுக்குள் விட்ட வாளி மாதிரி கீழே கீழே போய்க்கொண்டே இருந்ததாகச் சொன்னான். கடைசிவரை அழுத்தியபோது அவனுடைய தோள்பட்டை ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டது. அத்தை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத்தான் அவனை வெளியே எடுக்கவேண்டியிருந்தது.

அங்கிருந்து இருவரும் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார்கள்.

தெருமுனையிலேயே அவருடைய சிரிப்பு ஒரு மாடி உயரத்துக்கு விளம்பரப் பலகையில் தொங்கியது. உள்ளே மருந்து வாசனையும், மெஷினால் பல்லைக் குடையும் போது வருமே, அந்தக் கருகல் நாற்றமும். மனைவி லாக்கப்பில் இருக்கும்போது கிளினிக் மூடியிருக்கும் என்று நெட்டை நினைத்திருந்தான். கூட்டம் வழக்கம்போல இருந்தது.

டாக்டர் வேலையை நிறுத்தாமலே பேசினார். கட்டை குட்டையான மனிதர். ஒரு நோயாளியின் வாய்க்குள் இன்னும் கொஞ்சம் விட்டால் தலையையே விட்டுவிடுவார் போலிருந்தது. முக்காலியை அவ்வளவு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சை முன்னால் தள்ளி, கழுத்தை வளைத்து உட்கார்ந்திருந்தார். மனைவி நல்லவள்தான், ஆனால் பொறுப்பு கிடையாது என்றார். எவ்வளவோ சொல்லியும் அந்த வண்டியை எடுக்கிறாள் என்றார். கையில் இருந்த கருவி நிற்கவே இல்லை.

அத்தை அவருடைய வண்டியைப் பற்றிக் கேட்டாள்.

“ஆசைப்பட்டு வாங்கினேன் மேடம். ஆனா அதுல எனக்கு உட்காரவே வரல. சீட்டை எப்படி வச்சாலும் முதுகு பிடிச்சுக்குது. சாஞ்சா கால் எட்டல, நிமிர்ந்தா கை வலிக்குது. நான் அதைத் தொட்டே மாசக்கணக்கா ஆச்சு. இப்பல்லாம் எடுக்கறது என் பையனும் அவளும்தான்.”

“விபத்துக்கு அப்புறம் வண்டியை யாராவது தொட்டாங்களா?”

யாரும் தொடவில்லை என்று அழுத்திச் சொன்னார். ஷெட்டைப் பூட்டிச் சாவியைப் போலீஸ் கையில் தானே கொடுத்தாராம். பையன் எங்கே என்று கேட்டதற்கு, பரீட்சைக்குப் படிக்க நண்பன் வீட்டில் தங்கியிருக்கிறான், விஷயம் தெரிந்ததும் அம்மா முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தாள் அத்தை. கிடைக்கவில்லை.

சுவரில் குடும்பப் போட்டோ மாட்டியிருந்தது. டாக்டரும் டீச்சரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் நின்ற பையனின் தலை போட்டோவின் மேல் விளிம்பைத் தொட்டது. கூடைப்பந்து ஆடுகிற பையன் என்று டீச்சரின் அண்ணன் சொல்லியிருந்தார்.

“என் இனம்,” என்று நெட்டை முணுமுணுத்தான். “பாவம், அவனும் அந்த ஷூவுக்குள்ள சீட்டைக் கடைசிவரைக்கும் தள்ளிட்டு, படுத்துக்கிட்டுதான் ஓட்டியிருப்பான்.”

வெளியே வந்ததும் அத்தை தெருவோரத்தில் நின்று நன்றாகக் காறித் துப்பினாள். கருகல் நாற்றம் தொண்டையில் நிற்கிறது என்றாள். அது மட்டும்தான் காரணம் என்று நெட்டை நம்பவில்லை.

மத்தியானம் அவர்கள் திரும்பியபோது டீச்சர் ஸ்டேஷனின் உள்ளறையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கசங்கிய உடை, நன்றாக வாரிய தலை. எது கேட்டாலும் ஒரே பதில். நான்தான் இடிச்சேன், பயத்துல ஓடிட்டேன், தப்புதான். வகுப்பில் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிச் சொல்லி இவளுக்கும் அந்தக் குரல் வந்துவிட்டதோ என்று தோன்றியது. வண்டியை வீட்டில் விட்டபிறகு எதையாவது மாற்றினீர்களா என்று அத்தை கேட்டாள். இல்லை, இறங்கி அப்படியே வந்துவிட்டேன் என்றாள்.

அத்தை இன்ஸ்பெக்டரிடம் ஒரே ஒரு உதவி கேட்டாள். இந்த அம்மா அந்த வண்டியில் ஏறி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டும். அதற்கப்புறம் நாங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் வீட்டுக்குப் போவார்கள் என்பதே இன்ஸ்பெக்டருக்குப் போதுமானதாக இருந்தது.

நாலு பேரும் பின்பக்கம் போனார்கள். டீச்சர் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி சீட் அவளுக்குப் பொருந்தியது. முதுகு நன்றாகச் சாய்ந்தது. கைகள் இதமாக மடங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தன. கண்ணாடியில் பின்பக்கம் முழுதும் தெரிந்தது. செருப்பு நுனிகள் பெடல்களைத் தொட்டுக்கொண்டு நின்றன. இன்ஸ்பெக்டர் அத்தையைப் பார்த்த பார்வையில், போதுமா என்ற கேள்வி இருந்தது.

“வசதியா இருக்கா டீச்சர்?” என்றாள் அத்தை.

“இருக்கு.”

“ஸ்டார்ட் பண்ணுங்க.”

டீச்சர் பட்டனை அழுத்தினாள். வண்டி பேசாமல் இருந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்து அணைந்தது.

நெட்டைக்குப் பழைய உத்தியோகக் குரல் வந்துவிட்டது. “கிளட்ச் டீச்சர், கிளட்ச். அதை அடிவரைக்கும் மிதிச்சாதான் இதுல இன்ஜின் உயிர் பெறும். மிதிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்.”

டீச்சர் மிதித்தாள். கிளட்ச் பாதி தூரம் போனது. அதோடு கால் நீண்டு முடிந்துவிட்டது. பாதத்தை நீட்டினாள். கட்டைவிரலால் எக்கினாள். இடுப்பைச் சீட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அப்போது பெடல் இன்னும் கொஞ்சம் போனது, ஆனால் அவள் கண்கள் ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டன. அந்த நிலையில் அவளுக்கு ரோடு தெரிந்திருக்காது, வானம்தான் தெரிந்திருக்கும். வண்டி கடைசிவரை ஸ்டார்ட் ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“புதுசா கத்துக்க வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு சார்,” என்றான் நெட்டை. “கால் பெடலைத் தொட்டா போதும்னு நினைச்சு சீட்டை வச்சுக்குவாங்க. தொடறது கணக்கே இல்ல. கிளட்சை முழுசா மிதிச்ச அப்புறமும் முழங்கால் கொஞ்சம் மடிஞ்சு இருக்கணும். அப்பதான் அது ஓட்டற சீட். இது சும்மா உட்கார்ந்து பார்த்து வச்ச சீட்.”

டீச்சர் தினம் பள்ளிக்கு ஓட்டிப்போவது கிளட்ச் இல்லாத வண்டி என்று அவள் அண்ணன் சொல்லியிருந்ததை அத்தை எடுத்துச் சொன்னாள். லைசென்ஸ் வாங்கின காலத்தில் மிதித்த கிளட்ச். அதற்கப்புறம் அதன் நினைப்பே இருந்திருக்காது. ஓடிவந்த பிறகு சீட்டை நகர்த்தியிருக்கலாமே என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

“ஒருத்தியைச் சாகடிச்சுட்டு வீட்டுக்கு வந்து, கிளட்ச் உங்க காலுக்கு எட்டாத மாதிரி சீட்டைத் தள்ளிவச்சுட்டா இறங்கினீங்க?” என்று அத்தை டீச்சரிடம் கேட்டாள். “இந்த சீட்டை வச்சது நீங்கதான். ஆனா ஓட்டறதுக்கு வைக்கல. எங்களுக்குக் காட்டறதுக்கு வச்சீங்க.”

டீச்சர் ஸ்டியரிங்கை விடவில்லை.

இன்ஸ்பெக்டருக்கு மூளை இப்போதுதான் ஓடத் தொடங்கியது. ஓடிய வேகத்தில் அது நேராகப் பையன் மீது போய் மோதியது. ஒரு தாய் வேறு யாருக்காக ஜெயிலுக்குப் போவாள் என்றார். நண்பன் வீட்டில் இருந்தேன் என்று எவனும் சொல்லலாம் என்றார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, பையனை எங்கே இருந்தாலும் பிடித்துவா என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

அதைக் கேட்டு டீச்சர் காரிலிருந்து இறங்கிய வேகத்தில் கால் தடுக்கி அத்தையின் மேலேயே விழுந்தாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம், எங்க அண்ணன் உங்களை எனக்கு உதவத்தானே அனுப்பினாரு. இப்படியா பண்ணுவீங்க. என்னை உள்ளே போட்டுட்டுப் போயிடுங்க. அவன் சின்னப் பையன் மேடம். அவன் வாழ்க்கையே போயிடும்.”

பிறகு எல்லாம் கொட்டியது. நேற்று விடியும்போது புருஷன் அவளை உலுக்கி எழுப்பினாராம். பையன் நண்பன் வீட்டுக்குப் போகாமல் ராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான், ஒருத்தியை அடித்துவிட்டான், வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடிவிட்டான் என்றாராம். நீ ஏற்றுக்கொண்டால் பெண் என்று பார்த்துக் குறைச்சலாக விடுவார்கள், அவன் மாட்டினால் படிப்பு, வேலை எல்லாம் முடிந்தது என்றாராம். அவனுக்கு போன் பண்ணாதே, போலீஸ் போனைத்தான் முதலில் பார்க்கும் என்றும் சொன்னாராம். அவள் பண்ணவில்லை. அவனும் வரவில்லை. பயந்துபோய் எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

“சீட்டை மாத்தச் சொன்னதும் அவர்தானா?” என்றாள் அத்தை.

“இல்ல. அது எனக்கே தோணிச்சு. இந்த வண்டியை நான் ஓட்டினதே இல்ல. போலீஸ் வந்து பார்த்தா நான் உட்கார்ந்த மாதிரி இருக்கணுமேன்னு, ஸ்டேஷனுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஷெட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியாது.”

அத்தை அவளை வண்டியின் விளிம்பில் உட்காரவைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. முதல்ல நீ கதவைத் திறந்து உட்கார்ந்தப்போ எப்படி இருந்தது?”

“உட்காரவே முடியல மேடம். ரொம்பக் கஷ்டமா இருந்தது.”

“பையன் தள்ளிவச்சிருப்பான். நீங்க முன்னாடி இழுத்திருப்பீங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல சார்,” என்றாள் டீச்சர். “பின்னாடி தள்ளினேன்.”

நெட்டை குனிந்து, ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே இருந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்தான்.

“நெஞ்சு போய் ஸ்டியரிங்குல இடிச்சது. முழங்கால் அடியில தட்டுச்சு. மூச்சு விடக்கூட இடம் இல்ல. அதனாலதான் சீட்டுக்கு அடியில இருக்கற கம்பியை இழுத்துப் பின்னாடி…”

அவள் பாதியில் நின்றாள். தன் வாயிலிருந்து வந்த சொற்களைத் தானே கேட்டுவிட்டவள் போல முகம் மாறியது. ஆறடியைத் தாண்டிய மகன் அந்த இடத்தில் தன் ஒரு காலைக்கூட வைத்திருக்க முடியாது. வாய்க்குள் தலையை விடுவதுபோல ஒட்டி உட்கார்ந்து வேலை செய்கிற ஒரு ஆள்தான், ரோட்டையும் அப்படி ஒட்டி உட்கார்ந்து பார்ப்பான். உட்காரவே வரவில்லை என்று அளந்தாலும், அந்த ஆளுக்கு அந்த வண்டியில் உட்காரும் வசதி எப்போதோ அமைந்துவிட்டது. வண்டி வீட்டுக்கு வந்தபிறகு யாரும் தொடவில்லை என்று சொன்னதும் அதே வாய்தான்.

டீச்சர் சாக்கடைப் பக்கம் திரும்பிக் குனிந்து வாந்தி எடுத்தாள். நெட்டை தண்ணீர் கொண்டுவர ஓடினான். இன்ஸ்பெக்டர் நண்பன் வீட்டுக்கு போன் போட்டு, நண்பனின் அப்பாவிடம் பேசினார். பையன் அன்றைக்கு ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்தான், விடியும்வரை படித்துக்கொண்டிருந்த இருவருக்கும் அவர்தான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். கான்ஸ்டபிளிடம் பையனைப் பிடித்து வராதே, கூட்டிக்கொண்டு வா என்று சொல்லை மாற்றினார்.

சாயங்காலம் பல் டாக்டர் மனைவிக்கு மாற்று உடையும் வக்கீலையும் கொண்டுவந்தார். நல்ல சென்ட் வாசனை. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த பெண் கான்ஸ்டபிளிடம், என் மனைவிக்கு ராத்திரி தலையணை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து அதைக் கேட்ட இன்ஸ்பெக்டருக்குக் கை துறுதுறுத்தது. சீட் விஷயம் கோர்ட்டில் தனியாக நிற்காது, அவர் வாயிலிருந்தே ஏதாவது வரவேண்டும் என்று அத்தையிடம் கிசுகிசுத்தார்.

அத்தை போய் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். முதுகு வலியைப் பற்றிப் பேசினாள். நாளைக்குக் கோர்ட் என்பதைப் பற்றிப் பேசினாள். பிறகு, ஏதோ தனக்குள் புலம்புவதுபோல, ஒன்று சொன்னாள்.

“டீச்சருக்கு வைத்தியம் தெரியாது, பயந்து ஓடிட்டாங்க, அதை விடுங்க டாக்டர். உங்களை மாதிரி படிச்சவர் அந்த இடத்துல இருந்திருந்தா அந்தப் பொண்ணு பிழைச்சிருப்பா. ஒரு டாக்டர் பார்த்துட்டு அப்படி விட்டுட்டுப் போவாரா?”

“அதெல்லாம் பேசறதுக்கு நல்லா இருக்கும் மேடம்,” என்றார் அவர். “தலைக்குப் பின்னாடி அப்படிப் பிளந்து, காதுல ரத்தம் வந்த கேஸ். எந்த டாக்டர் இருந்தும் பிரயோஜனம் இல்ல.”

“காதுல ரத்தம் வந்ததா?”

“பின்னே? நான்…”

வக்கீல் அவருடைய முழங்கையைப் பிடித்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. காதில் ரத்தம் வந்ததைப் பேப்பரில் போடவில்லை. டீச்சரிடம் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியைத் தவிர, இன்ஸ்பெக்டருக்கும் பால் வண்டிக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். டாக்டர் அவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், கதவருகே நின்ற மனைவியைக் கடைசியாகப் பார்த்தார். அழுவார் என்று நெட்டை எதிர்பார்த்தான். அவர் கைக்குட்டையை எடுத்து நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

“குடும்பத்துல யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும். நான் போனா கிளினிக் போயிடும், பல் டாக்டர் சங்கத் தலைவர் பதவி போயிடும், என் பேர் போயிடும். யார் போனா இழப்பு கம்மின்னு பார்த்தேன். அவ டீச்சர் வேலைதானே பார்க்கறா.”

பெண் கான்ஸ்டபிள் அவர் கொண்டுவந்த உடைப் பையை எடுத்துத் தள்ளி, தூரத்தில் வைத்தாள், அதைத் தொட்டதற்கே கை அசிங்கமாகிவிட்டது போல.

“ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றாள் அத்தை. “நீங்க சைக்கிளை எடுத்து ஓரமா வச்ச நேரத்துக்கு அவளை எடுத்து வண்டியில போட்டிருந்தா போதும். பிழைச்சிருப்பா.”

“ரெண்டு சீட் வண்டி மேடம்,” என்றார் அவர். “சீட்டெல்லாம் ரத்தம் ஆயிருக்கும்.”

வக்கீலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் டாக்டரின் தோளைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நெட்டையிடமிருந்து ஒரு கிண்டல் வரும். அத்தைகூட அதற்காகக் காத்திருந்தாளோ என்னவோ. அவன் வாசலுக்குப் போய்க் குழாயைத் திறந்து, மாவு ஒட்டியிருந்த விரலை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

கான்ஸ்டபிளின் பைக்கிலிருந்து பையன் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வாசல் நிலை இடிக்காமல் இருக்கக் குனிந்து உள்ளே வந்தான். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். மாமா, அதாவது டீச்சரின் அண்ணன், வழியிலேயே போனில் அவனுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஆனாலும் எப்படிப் பக்கத்தில் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக அவளைப் பற்றி நண்பனிடம் என்னவெல்லாம் சொன்னானோ, அது அத்தனையும் அவன் முகத்தில் நின்றது.

“நீ ஒருத்தரை இடிச்சுட்டு வந்து, குளிச்சுட்டுப் படுத்துத் தூங்கிட்டேன்னு அப்பா சொன்னாரும்மா,” என்றான்.

“என்கிட்ட உன்னைச் சொன்னாரு.”

பையன் தரையைப் பார்த்தான். கூடைப்பந்து ஆடுகிற அந்தப் பெரிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நான் நம்பிட்டேம்மா.”

டீச்சர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நானும் நம்பிட்டேன்டா,” என்றாள்.